மாடியில் கத்தரி வைத்தால் மரபணு மாற்றுப் பயிரிலிருந்து தப்பிக்கலாமா?

கேட்டவருக்குச் சென்னைப் புறநகரில் ஒரு மொட்டை மாடி, வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். "கடையில் வாங்கும் காய்கறியெல்லாம் இப்போது மரபணு மாற்றியதுதான் என்கிறார்கள். அதற்குப் பயந்துதான் மாடித்தோட்டம் போடலாம் என்று இருக்கிறேன். ஆனால் விதைக்கடையில் கிடைப்பதும் அதே விதைதான், ஒரு தடவைக்கு மேல் முளைக்காது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்.

தோட்டம் போடுங்கள். ஆனால் அந்தப் பயத்துக்காகப் போடாதீர்கள். நீங்கள் பயப்படும் கத்தரிக்காய் கோயம்பேட்டில் இல்லை. பயப்பட வேண்டிய வேறொன்று இருக்கிறது, அதற்கு உங்கள் மாடி நல்ல மருந்து.

இந்தியாவில் சாகுபடிக்கு அனுமதி பெற்று வயல்களில் விளையும் மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்றுதான்: பருத்தி. 2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு, அதாவது புழுவைக் கொல்லும் ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவை ஏற்றிய பருத்திக்கு, அனுமதி கிடைத்தது. அடுத்து வரிசையில் நின்றது கத்தரி. மகிகோ விதை நிறுவனம் உருவாக்கிய பி.டி. கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தன் ரகங்கள் சிலவற்றில் அந்த மரபணுவை ஏற்றி வைத்திருந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். அந்தத் தடை இன்னும் விலக்கப்படவில்லை. பக்கத்தில் வங்கதேசம் மட்டும் 2013இல் அனுமதித்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்து ஆரம்பித்தது.

கடுகும் வாசல் வரை வந்தது. டெல்லி பல்கலைக்கழகத்தில் உருவான டி.எம்.எச்.-11 என்ற ரகத்துக்கு 2022 அக்டோபரில் அனுமதி கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2024 ஜூலை 23 அன்று இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். உங்கள் தாளிப்புக் கரண்டிக்கு அது வந்து சேரவில்லை.

திருட்டுத்தனமாக வரவே வராதா என்று கேட்டால், வந்திருக்கிறது. 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத் மாவட்டத்தில் ஒரு வயலில் அனுமதியில்லாத பி.டி. கத்தரி பிடிபட்டு, செடிகளைப் பிடுங்கி அழித்தார்கள். ஆகவே "இந்தியாவில் அப்படி ஒரு செடிகூட இல்லை" என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் "கடையில் எல்லாமே அதுதான்" என்பது வடிகட்டிய புரளி.

இந்தப் புரளிக்கு வேர், ஹைப்ரிட் விதையையும் மரபணு மாற்று விதையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது. ஹைப்ரிட் என்பது வீரிய ஒட்டு. ஒரே இனத்தின் இரண்டு ரகங்களைப் பிடித்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் வைப்பது, அவ்வளவுதான். கர்நாடகாவில் ராணிபென்னூர் பக்கம் போனால் வலைக்கூடாரங்களில் பெண்கள் இந்த வேலையைச் செய்வதைப் பார்க்கலாம். நாளை மலரப்போகும் தக்காளி மொட்டை இடுக்கியால் பிரித்து, ஆண் பகுதியை மட்டும் உருவி எறிந்துவிட்டு, அடுத்த நாள் அந்தச் சூல்முடியில் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தொட்டு வைப்பார்கள். பூப் பூவாகக் கையால் செய்யும் வேலை. பத்துக் கிராம் விதைக்கு அந்த விலை சொல்வது ஓரளவு அதனால்தான். வேறு உயிரின் மரபணு எதுவும் உள்ளே போவதில்லை. மரபணு மாற்றுப் பயிர் வேறு: பி.டி. பருத்தியில் இருப்பது பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் மரபணு. எத்தனை வருடம் ஒட்டுக் கட்டினாலும் பாக்டீரியாவும் பருத்தியும் சேராது. ஆய்வகத்தில்தான் சேர்க்க முடியும்.

விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் மரபணு மாற்றியது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பூஞ்சைக்கொல்லி மருந்தோடு பூசும் சாயம். விதைத்தபின் கையைக் கழுவுங்கள், மிச்ச விதையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விதையில்லாத தர்பூசணியும் ஒட்டு வேலைதான். 'ரெட் லேடி' பப்பாளி தைவானிலிருந்து வந்த ஹைப்ரிட். மரபணு மாற்றிய பப்பாளி 1998 முதல் ஹவாயில் விளைவது, அது வேறு. இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். நாமெல்லாம் நம்ம ஊர்த் தக்காளி என்று நினைக்கும் பெரியகுளம் பி.கே.எம்.1 ரகம், தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டுத் தக்காளியின் மரபணுவில் செயற்கையாகத் திடீர் மாற்றத்தைத் தூண்டிவிட்டு எடுத்தது. அதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. பயப்படவும் தேவையில்லை, விதையெடுத்து வைத்தால் தாய் மாதிரியே பிள்ளை வரும் நல்ல ரகம்.

"ஒரு தடவைக்கு மேல் முளைக்காது" என்பதற்கு இரண்டு வேர்கள். ஒன்று 'டெர்மினேட்டர்' விதை. இரண்டாம் தலைமுறை விதை மலடாகும்படி செய்யும் அந்தத் தொழில்நுட்பத்துக்கு 1998இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது, உலகமே கொதித்தது, எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை. நம் நாட்டில் 2001ஆம் வருடப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், அப்படிப்பட்ட தொழில்நுட்பம் உள்ள ரகத்தைப் பதிவு செய்யவே கூடாது என்கிறது. விளைந்த விதையை எடுத்து வைக்க, மறுபடி விதைக்க, அக்கம்பக்கம் கொடுக்க, விற்கக்கூட உழவருக்கு உரிமை உண்டு, நிறுவனத்தின் பெயர் ஒட்டி விற்கக் கூடாது, அவ்வளவே என்று சொல்வதும் அதே சட்டம்தான். இரண்டாவது வேர் ஹைப்ரிட். அதன் விதை முளைக்கும், நன்றாகவே முளைக்கும். ஆனால் பிள்ளைகள் தாத்தா ஜாடையில் ஒன்று, பாட்டி ஜாடையில் ஒன்று என்று கலைந்து வரும்.

அப்படியானால் மரபணு மாற்றுப் பயிர் நம் வீட்டுக்கு வரவேயில்லையா? வந்தாயிற்று, காய்கறிக் கூடை வழியாக அல்ல. நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. பருத்தி. பஞ்சு போக மிஞ்சும் கொட்டையில் எண்ணெய் எடுக்கிறார்கள். புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. கொட்டையாகவே ஊறவைத்து ஆட்டியும் மாட்டுக்கு வைக்கிறோம். மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், மாலை நேரத்தில் தள்ளுவண்டியில் சுக்கும் கருப்பட்டியும் மணக்க வாங்கிக் குடிக்கும் பருத்திப்பால் இருக்கிறதே, அதற்கு ஆட்டும் கொட்டையும் பெரும்பாலும் அதே பருத்தியின் கொட்டையாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வரும் சோயா எண்ணெய். அங்கே சோயா ஏறக்குறைய முழுக்க மரபணு மாற்றியது. ஆக, இதிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று ஒருவர் உறுதியாக நினைத்தால் முதலில் மாற்ற வேண்டியது எண்ணெய். மரச்செக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்கினால் போதும், மாடி ஏற வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், நான் இன்னும் பருத்திப்பால் குடிக்கிறேன். பி.டி. புரதம் வேலை செய்வது புழுவின் வயிற்றில். அங்கே காரத்தன்மை அதிகம். புரதம் கரைந்து, குடல் சுவரில் அதற்கென்று உள்ள ஏற்பிகளில் ஒட்டி ஓட்டை போடுகிறது. நம் வயிறு அமிலம், அந்த ஏற்பிகளும் நமக்கு இல்லை. போதாததற்குக் கொதிக்க வேறு வைக்கிறோம். அதே பாக்டீரியாவைப் பொடியாகக் கரைத்துத் தெளிப்பது இயற்கை விவசாயத்திலேயே அனுமதிக்கப்பட்ட பழைய முறை என்பது, மேடையில் பி.டி.யை எதிர்த்துப் பேசுகிறவர்கள் வசதியாக விட்டுவிடும் சேதி. பி.டி.யை ஆதரிப்பவர்கள் விட்டுவிடும் சேதியும் உண்டு: பருத்தியில் முதலில் மருந்துச் செலவு குறைந்தது உண்மை, ஆனால் சில வருடங்களிலேயே இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் புரதத்துக்குப் பழகிக்கொண்டு குஜராத்திலிருந்து ஆரம்பித்துத் திரும்பி வந்தது. விவசாயி மறுபடி தெளிப்பானைத் தூக்கினார், அதிக விலைக்கு வாங்கிய விதையோடு. பி.டி. கத்தரியில் என் கவலையும் வயிறு பற்றியதல்ல. கத்தரியின் தாய்வீடுகளில் ஒன்று இந்தியா. வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரி, வரிக் கத்தரி, கண்ணாடிக் கத்தரி, தொப்பிக் கத்தரி என்று ஊருக்கு ஒன்று இருக்கிறது. தேனீயும் வண்டும் மகரந்தத்தைத் தூக்கிக்கொண்டு போய் இவற்றோடு கலந்தால் திரும்பப் பிரிக்க முடியாது. அந்தத் தடைக்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. எனக்குச் சரியாகவே படுகிறது.

இப்போது உண்மையில் பயப்பட வேண்டியதற்கு வருகிறேன். பூச்சிமருந்து. நான் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரன். அப்பா கத்தரி போட்டு மார்க்கெட்டுக்கு ஏற்றியவர். எங்கள் தோட்டத்தில் கிணற்றடியை ஒட்டி ஒரே ஒரு பாத்திக்கு மட்டும் மருந்து அடிக்க மாட்டார். "அது வீட்டுக்கு" என்பார். மற்ற பாத்திகளுக்கு வாரம் ஒரு தடவை, மழை மூட்டம் போட்டால் இரண்டு தடவை. அடித்த மறுநாளே காய் பறித்து மூட்டை கட்டியதும் உண்டு. விலை ஏறியிருக்கும்போது காத்திருக்க யாருக்கு மனசு வரும்? அவர் கெட்டவர் இல்லை. சொத்தைக் காயை மண்டியில் கழித்துக் கட்டுவார்கள், கடன்காரன் வாசலில் நிற்பான். எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கிணற்றடிப் பாத்தியைத்தான் நீங்கள் மாடியில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்.

அவர் வாரா வாரம் யாருக்காக மருந்து அடித்தாரோ, பி.டி. கத்தரியை யாருக்காகக் கண்டுபிடித்தார்களோ, அந்த ஆள் உங்கள் மாடிக்கும் வருவார். தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்ற புழு. மூன்றாவது மாடியானாலும் அதன் தாயான அந்துப்பூச்சிக்குப் படி தேவையில்லை. நட்டு ஒரு மாதம் ஆனதும் தினமும் காலையில் செடியை ஒரு பார்வை பாருங்கள். செடி முழுக்க விறைப்பாக நிற்கும், ஒரே ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கியிருக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு குடம் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. தொங்கும் இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே கிள்ளி எடுத்து, நகத்தால் தண்டை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே ஈரப்பொடி மாதிரி கழிவு அடைத்திருக்கும், அதற்கு முன்னால் வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு புழு நெளியும். நசுக்கிவிடுங்கள், அல்லது சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கிள்ளிய கொழுந்தைத் தொட்டியிலேயே போடக் கூடாது. புழு இறங்கி, கூடு கட்டி, பூச்சியாகித் திரும்ப வரும். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வெடிக்கும், ஆகவே நஷ்டமும் இல்லை. ஓட்டை விழுந்த பிஞ்சையும் தயவு பார்க்காமல் பறித்துவிடுங்கள். பத்துச் செடிக்கு இது இரண்டு நிமிட வேலை. பத்தாயிரம் செடிக்கு இப்படிச் செய்ய முடியாது என்பதால்தான் மருந்தும் வந்தது, பி.டி.யும் வந்தது. மாடித் தோட்டக்காரருக்கு உள்ள ஒரே வசதி இதுதான், அதை விட்டுவிடாதீர்கள்.

மேலே கொஞ்சம் பாதுகாப்பு வேண்டுமென்றால் வேப்பங்கொட்டைச் சாறு. லிட்டருக்கு 50 கிராம் கொட்டையை இடித்துத் துணியில் கட்டி இரவெல்லாம் ஊறப்போட்டு, காலையில் பிழிந்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குத் துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். அன்றைக்குக் கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். பூச்சி ஓடிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், முட்டையிடுவது குறையும்.

மண் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். செம்மண், மட்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சரிபங்கு. நார்க்கழிவை இரண்டு தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டுக் கலக்குங்கள். தளத்தில் நேரடியாகப் பையை வைக்காமல் கீழே செங்கல் கொடுங்கள், ஒழுகினால் வீட்டில் சண்டை வரும்.

விதைதான் முக்கியமான சமாசாரம். நான் ஆரம்பத்தில் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஒரே வரிசையில் குடைமிளகாயும் காந்தாரி மிளகாயும் வைத்திருந்தேன். குடைமிளகாய் அருமையாக வந்தது, விதையெடுத்தேன். அடுத்த வருடம் செடி வந்தது, காய் வந்தது, பார்க்கக் கொஞ்சம் ஒல்லியான குடைமிளகாய் மாதிரிதான் இருந்தது. மனைவி அதை நறுக்கிப் பிள்ளைகளுக்கு நூடுல்ஸ் செய்து கொடுத்தாள். சின்னவன் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பானையைத் தேடி ஓடினான். தேனீ தன் வேலையைச் செய்திருந்தது. முந்தைய வருடக் காயில் காரம் தெரியாது, அதன் விதைக்குள்தான் காந்தாரி உட்கார்ந்திருந்தது.

அதனால் எது கலக்கும், எது கலக்காது என்று தெரிந்து விதையெடுக்க வேண்டும். தக்காளி, அவரை, தட்டைப்பயறு பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். கண்ணை மூடிக்கொண்டு விதையெடுக்கலாம். கத்தரியும் வெண்டையும் நடுத்தரம். மொட்டு விரியும் முன்பே ஒரு சின்ன மெல்லிய துணிப்பையை மாட்டி, பூத்த அன்று காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றிவிட்டு, சிவப்பு நூல் ஒன்றைக் கட்டுங்கள். நூல் கட்டாவிட்டால் அது குழம்புக்குப் போய்விடும், அனுபவம். மிளகாய்க்கும் இதேதான், கூடுதல் கவனத்தோடு. பூசணி, சுரை, பீர்க்கு இவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீயோ வேறு பூச்சியோ வராமல் காயே இல்லை. ஒரே வகை மட்டும் வையுங்கள், இல்லாவிட்டால் பூக்கும் முன்பே ஆண் பூவையும் பெண் பூவையும் நூலால் கட்டி வைத்து நீங்களே மகரந்தம் தொட்டுவிட்டு மறுபடி கட்டிவிடுங்கள். இந்தக் குடும்பத்தில் ஒரு எச்சரிக்கை: வீட்டு விதையில் வந்த சுரையோ வெள்ளரியோ கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கி எறியுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு. வீணாகக் கூடாதே என்று ஜூஸ் போட்டுக் குடிக்க வேண்டாம்.

நூல் கட்டிய கத்தரி, செடியிலேயே மஞ்சளாகிப் பழுத்துத் தொட்டால் அமுங்கும் வரை கிடக்கட்டும். சமைக்கும் பருவத்துக் காயில் எடுத்த விதை முளைக்காது. "நாட்டு விதை என்று கொடுத்தார்கள், ஒன்றுகூட வரவில்லை" என்ற புகாரில் பாதி இதுதான். பழுத்ததைப் பிளந்து தண்ணீரில் பிசைந்தால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். தக்காளி என்றால் விதையைச் சாறோடு ஒரு நாள், ஒன்றரை நாள் புளிக்க விட்டு அலசினால் மேலே உள்ள வழவழப்புப் போகும். நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, பெயரும் மாதமும் எழுதிய புட்டியில் போட்டு மூடுங்கள். கத்தரி விதை மூன்று வருடம் தாங்கும். வெங்காய விதை ஒரு வருடத்துக்கு மேல் கஷ்டம்.

முதல் விதைக்கு எங்கே போவது? கடையில் வாங்கினால் பாக்கெட்டில் 'எஃப்1' என்றோ 'ஹைப்ரிட்' என்றோ போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் சாப்பிடத் தப்பில்லை, விதையெடுக்க லாயக்கில்லை. வேளாண் பல்கலைக்கழகமும் தோட்டக்கலைத் துறையும் கொடுக்கும் ரகங்களில் விதையெடுக்கக் கூடியவை நிறைய உண்டு. விதைத் திருவிழாக்களுக்குப் போனால் நாட்டு ரகம் கிடைக்கும். ஆனால் அங்கேயும் கொடுப்பவரிடம் "போன வருடம் பக்கத்தில் வேறு என்ன வைத்திருந்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால், ஐந்து விதை மட்டும் வாங்கிப் போட்டுப் பாருங்கள். நாட்டு விதை என்ற பெயருக்கு இப்போது நல்ல விலை, அந்தப் பெயரில் எதையும் விற்கிறார்கள்.

மாடியால் ஆகாத விஷயமும் இருக்கிறது. அரிசியை நீங்கள் விளைவிக்கப் போவதில்லை. 2025 மே மாதம், மரபணுத் திருத்தம் (செடியின் சொந்த மரபணுவிலேயே சிறு மாற்றம்) செய்த இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. ஒன்று சம்பா மசூரியைத் திருத்தி எடுத்த 'கமலா'. வேறு உயிரின் மரபணு உள்ளே இல்லை என்பதால், 2022இல் வந்த விதிவிலக்குப்படி, பி.டி. கத்தரிக்கு இருந்த அந்தக் கெடுபிடிகள் இவற்றுக்கு இல்லை. அது சரியா தப்பா என்பது தொட்டியில் தீரும் வழக்கல்ல. அரிசி மூட்டையில் என்ன எழுத வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டு வாங்க வேண்டிய வழக்கு.

ஆடி பிறக்க நாள் இருந்தால் இப்போதே மண்ணைக் கலந்து பைகளில் நிரப்பி ஈரம் காட்டி வையுங்கள். முதல் வருடம் ஆசைப்பட்டு முப்பது பை வைக்காதீர்கள். கத்தரி நான்கு, வெண்டை ஆறு, ஒரு அவரைக் கொடி, அகலமான தொட்டி ஒன்றில் அரைக்கீரை போதும். நான்கு கத்தரியில் ஒன்றை விதைக்கென்று ஒதுக்கி, அதில் நூல் கட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். புழு நசுக்கும் வேலையையும் அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.